மாமூல் தடம்

வாய்க்கால் கரையில் சைக்கிளில் போகிறவனுக்கு அந்தக் கரைமேல் என்ன பாத்தியதை என்ற கேள்வி கொஞ்ச காலமாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது. யாரும் என்னை மறித்துக் கேட்டதில்லை. ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது நிமிர்ந்து பார்த்து, "ஏனுங் தம்பி, எந்தூருக்குப் போகோணும்?" என்பார். "எந்தூருக்கும் இல்லீங்க, சும்மா வாய்க்காலோட போறனுங்க" என்று சொன்னால் அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடும். அதில் கேலி கிடையாது, சந்தேகமும் கிடையாது. அந்தக் கரையில் சும்மா போகிறவர்களை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மடை திறக்கப் போகிறவர், மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறவர், பால் கேனோடு மொபெட்டில் போகிறவர், மதகு பார்க்கப் போகிற லஸ்கர் என்று கரை எப்போதும் ஏதோ ஒரு வேலைக்காகவே இருக்கிறது. நான் ஒருவன்தான் கரைக்காகவே கரைக்கு வருகிறவன். காந்திபுரத்தில் குடியிருந்தால் அந்த ஆசை வராமல் போகாது. மேம்பாலத்தின் நிழலில், நூறடி ரோட்டுக்கும் கிராஸ்கட் ரோட்டுக்கும் நடுவில், விடியும் முன்பே பஸ்களின் ஹாரன் சத்தத்தில் கண்விழிக்கிறவனுக்கு வண்டிச் சத்தம் இல்லாத தடம் ஒன்று எங்காவது இருக்குமா என்ற ஏக்கம் உடம்பில் ஊறிப்போய்விடுகிறது. சத்தி ரோட்டில் சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர், புளியம்பட்டி என்று தாரிலேயே போய், பவானிசாகருக்குப் பக்கத்தில் எங்காவது கரையேறினால் டயரின் சத்தம் மாறும். தாரில் கேட்கிற ரீங்காரம் நின்று, பொடிக்கற்கள் நெரிபடும் ஓசை கேட்கத் தொடங்கும். இப்போது கிராவல் பைக் என்றே தனியாக ஒரு சைக்கிள் விற்கிறார்கள். ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பார், சுமார் 40 மில்லிமீட்டர் அகல டயர், ட்யூபுக்குப் பதில் உள்ளே ஒரு வெள்ளைத் திரவம். வேலமுள் குத்தினால் அந்தத் திரவம் வழிந்துவந்து ஓட்டையைத் தானாகவே அடைத்துவிடும். இத்தனை ஏற்பாட்டோடு நான் போகிற அதே தடத்தில் சாதாரணச் சைக்கிளின் கேரியரில் தீவனக் கட்டை ஏற்றிக்கொண்டு ஒருவர் எதிரே வருகிறார். அவருக்கு நான் ஒதுங்கி வழிவிடுகிறேன். அதுதான் முறை என்று எனக்குத் தெரியும். ஏன் அது முறை என்று யோசித்தால்தான் கேள்வி பெரிதாகிறது.

கீழ்பவானி வாய்க்காலை மேட்டிலிருந்து பார்த்தால் அது ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்று தோன்றும். சைக்கிளில் போனால் அந்தக் கேள்வி வராது, கால்களே பதில் சொல்லிவிடும். எங்கும் ஏற்றம் இல்லை, இறக்கமும் இருப்பதாகத் தெரியாது. ஆனாலும் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரம், நிலத்தின் மட்டத்தை விட்டு விலகாமல், குன்று குறுக்கிட்டால் சுற்றிக்கொண்டு, பள்ளம் வந்தால் பாலத்தின் மேலேறி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்கு இந்த ஒரே வாய்க்கால் பாய்கிறது. முழு நிலத்துக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் கிடையாது. ஒரு போகத்துக்கு இரட்டைப்படை மதகுகள், அடுத்த போகத்துக்கு ஒற்றைப்படை மதகுகள் என்று ஆளுக்கொரு முறை, பாதிப் பாதியாக. ஒரு மதகின் அருகே சைக்கிளை நிறுத்திக் குனிந்து பார்த்தால் அந்த ஏற்பாடு முழுக்கக் கண்ணில் படும். சிமெண்டுத் தூணில் வெள்ளைப் பெயிண்டில் எழுதி, மழையில் பாதி கரைந்துபோன ஓர் எண். கிரீஸ் உறைந்து கறுத்த திருகாணி. ஷட்டரின் அடியில் சிக்கிக் கிடக்கும் ஆகாயத்தாமரைத் துண்டு. முறை இல்லாத போகத்தில் ஷட்டர் மூடியிருந்தாலும் அதன் ஓரத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு நீரோட்டம் விடாமல் வழிந்துகொண்டிருக்கும். அதன் கீழே மட்டும் புல் கரும்பச்சையாக நிற்கும். பவானிக்குப் பக்கத்தில் தொடங்குகிற காலிங்கராயன் வாய்க்கால் இதைவிடப் பழையது. 1283-இல் முடிந்ததாகச் சொல்லப்படும் அந்த வாய்க்கால் சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து கொடுமுடிப் பக்கம் போகிறது. பாம்பு ஊர்ந்து வழிகாட்டிய தடத்திலேயே அதை வெட்டினார்கள் என்று அந்தப் பக்கத்து ஊர்களில் இன்றைக்கும் சொல்வார்கள். மட்டம் பார்க்கும் கருவி கைக்கு வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால் நிலத்தின் சரிவைக் கண்டுபிடித்தவர்களின் அறிவைப் பாம்பின் பெயரில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த அறிவின் மேல்தான் என் சைக்கிள் உருள்கிறது. வாய்க்கால் சரிவை மதித்ததால் கரை சமமாயிற்று. கரை சமமானதால் வண்டியும் மாடும் மனிதரும் போகிற தடமாயிற்று. அந்தத் தடத்தைத் திட்டம் போட்டு யாரும் உண்டாக்கவில்லை. தண்ணீருக்குச் செய்த வேலையில் அது கூடவே கிடைத்தது.

கூடவே கிடைத்த இன்னொன்று கசிவு. கீழ்பவானி மண் வாய்க்கால். மண்ணில் ஓடும் தண்ணீர் மண்ணுக்குள்ளும் இறங்கும். சுமார் 700 கோடி ரூபாய் செலவில் வாய்க்காலின் பக்கவாட்டிலும் அடியிலும் கான்கிரீட் போட்டுச் சீரமைப்பது என்று அரசு முடிவெடுத்தபோது கரையோர ஊர்கள் கொதித்துப்போயின. வழக்கு, ஆர்ப்பாட்டம், 2023-இல் உண்ணாவிரதம் என்று போராட்டம் வளர்ந்தது. அந்த நாட்களில் ஒரு தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்றிருந்த விவசாயி ஒருவர் என்னிடம் சொன்ன கணக்கு எளிமையானது. "தண்ணி கசிஞ்சு வீணாப் போகுதுங்கறாங்க. கசியறது எங்கீங்க போகுது? எங்க கெணத்துக்குத்தானுங் வருது. எங்களுக்கு மட்டுமா, குடிக்கற போருக்கும் அதுதானுங்." எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. கரையோரத்துப் புங்கன், வேம்பு, இலுப்பை, தென்னை எல்லாம் அந்தக் கசிவில் நிற்பவை. அவற்றின் நிழலில்தான் நான் தண்ணீர் குடித்து இளைப்பாறுகிறேன். எனக்குப் பிடித்துப்போனதுதான் பிறகு என்னைச் சங்கடப்படுத்தியது. கடைமடைப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தபோது அவர் கணக்கு வேறாக இருந்தது. "கெணறு அவீங்களுக்குங்க. எங்களுக்கு வந்து சேர்ற தண்ணிய எண்ணிப்போடலாம். முறை வந்தும் மானத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கோமுங்க." ஆயக்கட்டில் நிலம் பதிவானவருக்கு வரவேண்டிய பங்கு வழியிலேயே இறங்கிப்போனால் அதை வீண் என்று அவர் சொல்வதில் என்ன தப்பு? ஒருவருடைய இழப்புக் கணக்கில் இருப்பது இன்னொருவரின் கிணற்றில் இருக்கிறது. இரண்டு பேருமே விவசாயிகள், இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். நிழலுக்காகவும் மண் தடத்துக்காகவும் கரைக்கு வருகிற நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் என் சுகத்தை அவர்களில் ஒருவருடைய நியாயத்தின் பின்னால் ஒளித்துவைக்கிறேனோ என்ற சந்தேகம் என்னை விடுவதில்லை. கசிவு வேண்டும் என்பவர்களோடு சேர்ந்து நான் மண் கரை வேண்டும் என்று சொன்னால், அந்தக் குரலில் கிணறு எவ்வளவு, கிராவல் எவ்வளவு?

இட்டேரிகளுக்குள் நுழையும்போது இந்தச் சந்தேகம் வேறு உருவம் எடுக்கிறது. வாய்க்கால் கரையை விட்டு இறங்கினால் கொங்கு நாட்டின் காடு தோட்டங்களுக்கு நடுவே ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்தில், இருபுறமும் உயிர்வேலியோடு ஓடும் தடங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அன்னூர்ப் பக்கம், அவிநாசிப் பக்கம், பல்லடத்துக்குத் தெற்கே, காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களின் ஊடே. கிளுவைப் போத்துகளை வரிசையாக ஊன்றி, இடையில் முள் கட்டி, வருஷா வருஷம் கவாத்து செய்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்த வேலி அது. கோடையில் பார்த்தால் செத்த குச்சிகள் என்றே நினைக்கத் தோன்றும். ஒரு மழை பெய்துவிட்டால் சின்னச் சின்ன இலைகளாகப் பொடித்து வேலி முழுக்கப் பச்சையாகிவிடும். ஒடித்த கிளையிலிருந்து வருகிற பிசின் வாசனைக்குக் காரணம் உண்டு. வெள்ளைப்போளம் கொடுக்கிற மரத்துக்குக் கிளுவை நெருங்கிய சொந்தம். கிளுவையில் கோவைக்கொடி ஏறும், பிரண்டை ஏறும், முடக்கத்தான் ஏறும், வேலிப்பருத்தி வெடித்துப் பஞ்சு பறக்கும். அடியில் ஆவாரை, சூரை, கள்ளி. உள்ளே ஓணான், பச்சோந்தி, கீரி, சாரை, கௌதாரிக் குஞ்சுகள். சைக்கிள் மெதுவாகப் போனால் வேலிக்குள் தவிட்டுக்குருவிகள் ஒன்றையொன்று எச்சரித்துக்கொண்டு நமக்கு முன்னாலேயே நகர்ந்துகொண்டு போகும். செம்போத்து ஒன்று தடத்தைக் குறுக்கே கடந்து மறுவேலிக்குள் புகும். கொறங்காட்டில் இந்த வேலியை நம்பித்தான் காங்கயம் மாடுகளை ஆள் இல்லாமல் மேயவிடுகிறார்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரத்து நெற்றும் அவற்றுக்குத் தீனி. வேலி உறுதியாக இருக்கிறவரை மேய்ச்சலுக்குக் காவல் தேவையில்லை. இப்போது அந்த வேலிகளை ஜேசிபி வைத்துப் பிடுங்கிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வலை கட்டுகிறார்கள். கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து வேலி எவ்வளவு இடத்தை அடைக்கிறது, அந்த இடத்துக்கு இன்று விலை என்ன, கவாத்து செய்ய ஆள் எங்கே கிடைக்கிறார்கள், வேலிக்குள் மயிலும் பன்றியும் தங்கி வெள்ளாமையை அழித்தால் யார் ஈடு கட்டுவது? ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. வாய்க்காலில் கசிவு எந்தக் கணக்கில் வீணாயிற்றோ, அதே கணக்கில் வேலியும் வீணாகிவிட்டது. வேலி போன பிறகு தடத்தின் அகலம் ஒவ்வொரு உழவிலும் சுருங்குகிறது. சில வருஷத்தில் கிராவல் லாரி வந்து மேடு நிரவி, மனைப்பிரிவின் முப்பதடி ரோடு அந்த இடத்தில் கிடக்கிறது. பள்ளம் நிரப்பும் அந்த மண்ணும் எங்கோ ஒரு குளத்தின் வயிற்றிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

இட்டேரியைப் பற்றி ஏங்கி எழுதும்போது நான் ஒரு விஷயத்தை என் கண்ணிலிருந்து மறைத்துக்கொள்ளக் கூடாது. இந்தத் தடங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருந்ததில்லை. ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்த மனிதர்கள் கொங்கு நாட்டின் கிராமம் கிராமமாக இருந்தார்கள். செருப்பைக் கையில் பிடித்து நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் யாருடைய நிலம், அந்தப் பக்கம் யாருடைய நிலம் என்று தெரிந்த ஊரில், நடுவில் இருக்கும் தடத்தில் யார் எப்படி நடக்கலாம் என்பதும் தெரிந்தே இருந்தது. தன் தகப்பன் இறங்கி நடந்த தடத்தில் ஏறி மிதித்துப் போகிற ஒரு இளைஞனுக்கு, தார் ரோடு வந்ததும் பஸ் வந்ததும் இழப்பாகத் தோன்ற நியாயமே இல்லை. அவனுக்கு அது விடுதலை. பவுண்டேஷன் கல் போட்டு, ஒன்றியப் பணத்தில் போட்ட ரோட்டில் யாரும் யாரையும் இறங்கச் சொல்ல முடியாது என்ற ஒரு தெம்பு இருக்கிறது. ஆகவே பழைய தடம் நல்லது, புது ரோடு கெட்டது என்று என்னால் எழுத முடியாது. எழுதினால், நிலமுள்ளவர்களின் ஞாபகத்தை ஊர் முழுவதன் ஞாபகமாக மாற்றி எழுதுகிறவனாவேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இட்டேரியையும் வாய்க்கால் கரையையும் மிக அதிகம் நம்பியிருந்தவர்கள் நிலமில்லாதவர்கள்தான். சொந்தக் காடு இல்லாதவர்களின் வெள்ளாடுகள் மேய்ந்தது வேலியோரத்தில். விறகு பொறுக்கியது அங்கே, கீரை பறித்தது அங்கே, கோவைப்பழமும் சூரைப்பழமும் பிள்ளைகளுக்குக் கிடைத்தது அங்கே. கம்பி வலை வந்தால் முதலில் வெளியே நிற்பவர்கள் அவர்கள். அவமானமும் ஆதாரமும் ஒரே தடத்தில் இருந்திருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கிலாந்தில் இதே மாதிரி சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வின்செஸ்டரில் கிளம்பி 350 கிலோமீட்டர் சுற்றி வின்செஸ்டருக்கே திரும்பும் கிங் ஆல்ஃப்ரெட்ஸ் வே என்ற பாதையை 2020-இல் அங்குள்ள சைக்கிள் சங்கம் வகுத்துக்கொடுத்தது. புதிதாக ஒரு ரோடும் வெட்டாமல், பழைய மந்தைத் தடங்களையும் குதிரைத் தடங்களையும் கால்வாய்க் கரைகளையும் கோத்து உண்டாக்கிய பாதை அது. குதிரைத் தடங்களில் சைக்கிளும் போகலாம் என்பதை 1968-ஆம் வருஷத்துச் சட்டம் உறுதிசெய்தது. அங்குள்ள கால்வாய்களின் கதை நம்முடையதற்கு நேர் எதிர். அவை பாசனத்துக்கு வெட்டியவை அல்ல, சரக்குப் படகு விடுவதற்கு வெட்டியவை. கரையில் நடந்த குதிரைகள் கயிறு கட்டிப் படகை இழுத்தன. ரயிலும் லாரியும் வந்து அந்த வேலை செத்த பிறகு கால்வாய்கள் தூர்ந்துகொண்டிருந்தன. 1946-இல் டாம் ரோல்ட்டும் ராபர்ட் ஐக்மனும் ஒரு சங்கம் கூட்டி, இவற்றை மூடக்கூடாது என்று போராடத் தொடங்கினார்கள். இன்று அந்தக் கரைகளில் நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் உல்லாசப் படகுக்காரர்களுமே அவற்றுக்கு உயிர். வேலை போன தடத்தைச் சுகம் காப்பாற்றியது என்று அதைச் சொல்லலாம். அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு நிமிஷம் ஆறுதலாக இருக்கும், அடுத்த நிமிஷம் பயமாக இருக்கும். நம் வாய்க்காலின் வேலை இன்னும் போகவில்லை. அது போய், கரை மட்டும் அழகாக மிஞ்சி, அதில் நான் சைக்கிள் ஓட்டுகிற ஒரு நாள் வருவதைவிட, கரையே இல்லாமல் போவது மேல் என்றுகூட நினைக்கிறேன். கோவைக்குள் உக்கடம் பெரியகுளத்தையும் வாலாங்குளத்தையும் சுற்றிக் கல் பாவிய நடைபாதையும் விளக்குகளும் வந்துவிட்டன. மாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருவதைப் பார்க்கச் சந்தோஷமாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் குளங்கள் பாய்ச்சிய வயல்கள் எங்கே என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

இங்கிலாந்துச் சட்டத்தில் என்னை ஈர்ப்பது இன்னொன்று. 1980-ஆம் வருஷத்து ஹைவேஸ் சட்டப்படி, ஒரு தடத்தில் பொதுமக்கள் 20 வருஷம் தடையில்லாமல், உரிமையோடு போய்வந்திருந்தால், நிலத்துக்காரர் மறுப்புக் காட்டியிருந்தாலொழிய அது பொதுப்பாதை. நடந்த கால்களே பத்திரம். 1882-ஆம் வருஷத்து நம் வசதியுரிமைச் சட்டமும் அதே 20 வருஷத்தைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த 20 வருஷப் பிரிவில் உரிமை நிலத்துக்கு, அதன் மூலமாக நிலத்துக்காரருக்கு. என் காட்டுக்கு உன் காட்டின் வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால் அந்தப் போக்குவரத்து என் காட்டோடு ஒட்டிய பாத்தியம். கொங்கு நாட்டுக் கிரயப் பத்திரங்களில் கிணற்றுப் பங்கு, மின் மோட்டார்ப் பங்கு என்று வரிசையாக வரும் இடத்தில் மாமூல் வண்டித்தட பாத்தியமும் தவறாமல் வரும். காடு இல்லாதவருக்கு அந்த வரியில் இடம் இல்லை. ஆடு மேய்க்கிறவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்று காட்டி, அ பதிவேட்டில் புறம்போக்கு என்று எழுதப்பட்ட தடம் மட்டும்தான் எல்லாருக்கும் பொது. அங்கேயும் காகிதம் காத்துவிடும் என்று நம்ப முடியாது. இங்கிலாந்திலேயே, வரைபடத்தில் ஏறாத பழைய தடங்களைப் பதிவுசெய்ய 2026 தொடக்கம்தான் கடைசி நாள் என்று 2000-ஆம் வருஷத்துச் சட்டம் கெடு வைத்தது. ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து மக்கள் பழைய படங்களைத் தேடித் தேடி மனுப் போட்டார்கள். கெடு 2031-க்குத் தள்ளிப்போய், கடைசியில் அதை எடுத்தே விடுவதாக 2024-இல் அரசு அறிவித்தது. தேடியவர்கள் அலுத்து விட்டிருந்தால் எத்தனையோ தடங்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்திருக்கும்.

நம் பக்கம் புதிதாக வந்த தண்ணீருக்குக் கரையே கிடையாது. அறுபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் ஓடத் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசேர்க்கிறார்கள். அன்னூர்ப் பக்கத்துக் குட்டை ஒன்றில் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு விழுவதை ஊரே நின்று பார்த்தது. அதைப் பார்த்து மகிழாதவன் இந்த ஊர்க்காரனாக இருக்க முடியாது. அந்த மேட்டுக் காடுகளுக்குச் சரிவை நம்பி வாய்க்கால் வெட்ட வழியில்லை, குழாய்தான் வழி. ஆனால் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஆற்றை விட்டுப் பிரிகிற இரண்டு தண்ணீரை நினைத்துப் பார்க்கிறேன். எழுநூறு வருஷத்துக்கு முந்தையது போகிற வழியெல்லாம் கரை, மரம், மடை, படித்துறை, மாட்டுத்தடம், சண்டை, சமாதானம் எல்லாவற்றையும் உண்டாக்கிக்கொண்டு போயிற்று. இப்போதையது மண்ணுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல், சொட்டுக் கசியாமல், போகவேண்டிய இடத்துக்கு மட்டும் போகிறது. வழியில் இருப்பவர்களோடு அதற்கு உறவில்லை. தண்ணீர் சேர்ந்தால் போதும் என்று கேட்கிற நியாயமான காலத்தில், வழியும் வேண்டும் என்று கேட்பதற்கு ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஏதாவது இடம் இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது. நாங்கள் மிதித்துப் போவதால் தடம் எங்களுடையதாகிவிடாது, ஆகவும் வேண்டாம். ஆனால் எந்த இட்டேரி போன மழைக்கு முன் திறந்திருந்தது, எது இப்போது கம்பியில் முட்டி நிற்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். எங்கே வேலி உழவுக்குள் போயிற்று, எந்த மதகுக்குக் கீழே தண்ணீர் எட்டவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேதான் போகிறோம். பார்த்ததைப் படமாக எடுத்து ரசித்துவிட்டு வீடு திரும்புவது போதாது. கிராம வரைபடம் யாரும் பணம் கட்டி வாங்கக்கூடியது. வண்டிப்பாதை என்று அதில் இருக்கிற ஒவ்வொரு கோட்டையும் தரையில் போய்ப் பார்த்து, இருப்பதையும் இல்லாததையும் பட்டியலிட்டு, அந்தந்த ஊரில் ஆடு மேய்க்கிறவர்களிடமும் கடைமடைக்காரர்களிடமும் கொடுக்கலாம். பேசவேண்டியவர்கள் அவர்கள், பட்டியல் அவர்கள் கையில் இருக்கவேண்டும். வழக்கமாகக் கீழ்பவானியில் தண்ணீர் திறக்கிற ஆகஸ்ட் 15-இல்தான் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபையும் கூடுகிறது. கடைமடைக்கு முறைத் தண்ணீர் சேரவேண்டும், வண்டிப்பாதைகளை அளந்து கல் நடவேண்டும், நிலம் இருப்பவரும் இல்லாதவரும் எந்தச் சாதிக்காரரும் அதில் இறங்காமல் ஏறிப்போக வேண்டும் என்று மூன்றையும் ஒரே தீர்மானமாக எழுதக் கேட்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டைக் கேட்டால் அது யாரோ ஒருவருடைய சௌகரியத்துக்காகக் கேட்டதாகத்தான் முடியும்.